சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அக்டோபர் 13, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி அப்படியே கிடக்கிறது. எடுக்க ஆள் இல்லை.

இவரை ஐ.சி.யு.வில் சேர்த்தாயிற்று. புதுக்கோட்டை பைபாஸ் பக்கம் புதிதாக வந்த பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். நிமோனியா. இருமிக்கொண்டே கட்டுமாவடிக்கு மீன் லோடுக்குப் போய்வந்தார். "மழையில போகாதீங்க" என்றால், "மீனுக்கு மழை தெரியுமாடி?" என்று ஒரு சிரிப்பு. இன்று காலை வண்டி ஏறக் காலைத் தூக்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மூச்சு வரவில்லை.

ஆம்புலன்சில் ஜெபமாலையில் பத்து மணிகூட ஒழுங்காக உருட்டி முடிக்கவில்லை. பாதியில் பாதியில் விட்டுப்போயிற்று. ஜெபமாலை மாதம் வேறு. மாதா பொறுத்துக்கொள்ளட்டும்.

கொண்டுவந்தவை: ஆதார், இன்சூரன்ஸ் அட்டை, வேட்டி, துண்டு, பிளாஸ்க், போர்வை, ஜெபப்புத்தகம், இந்தக் கணக்கு நோட்டு. மறந்தவை: என் கண்ணாடி, சீப்பு, அவர் ஜெபமாலை (வண்டியில் ஸ்டியரிங்குக்கு மேலே தொங்குகிறது).

மகன் ஜானுக்கு சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். லீவு கேட்கிறேன் என்றான்.

ஐ.சி.யு. வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், கோயில் வாசல் மாதிரி. நானும் கழற்றினேன். இவர் செருப்பு என் பையில் இருந்தது. அதையும் எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. ஆள் உள்ளே இருந்தால் செருப்பு வாசலில்தானே இருக்கும்.

அப்போதுதான் அது வந்தது. இடுப்பு உயரம், வெள்ளை பீரோ மாதிரி. தள்ள ஆள் இல்லை, தானாக உருண்டு வந்தது. செருப்புக் குவியல் முன்னால் நின்றுகொண்டது. "வழியில் தடை உள்ளது. வழி விடுங்கள். மருந்து செல்கிறது."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "எத்தனை தடவை சொல்றது? செருப்ப ஓரமா வைங்க. ரோபோ மேல ஏறிப் போகாது, நின்னுரும்."

மற்றவர்கள் காலால் தள்ளிவிட்டார்கள். நான் குனிந்து கையால் எடுத்து வைத்தேன். கதவு தானாகத் திறந்தது. அது உள்ளே போயிற்று. கதவு மூடியது. நான் வெளியே.

அக்டோபர் 15, புதன்

வெயில். வெளிவராந்தாவில் துண்டு காய்ந்துவிட்டது.

பக்கத்தில் பாய் போட்டிருப்பவள் பெயர் பாக்கியம். குன்றாண்டார்கோவில் பக்கம். மகள் செல்விக்கு டெங்கு, அவளும் உள்ளே. பாக்கியத்துக்கு வாய் ஓயாது. அழுதாலும் பேசிக்கொண்டே அழுகிறாள்.

மருந்து, சாப்பாடு, ரத்த சாம்பிள் எல்லாம் கொண்டுபோக இந்த வண்டிகள் நான்கு இருக்கின்றன. முதுகில் நம்பர். "மூணாம் நம்பர்தாங்க்கா நல்லவன். ரெண்டாம் நம்பருக்கு நம்மளக் கண்டாலே ஆகாது, மொறைக்கிறான்" என்றாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."

"நீங்க பாருங்க. போகப் போகத் தெரியும்."

வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்தாள். காயத்ரி என்று அட்டையில். சின்னப் பெண். சொந்த ஊர் கேட்டால் கட்டுமாவடி! "குட்டியானை வண்டியில மீன் எடுக்க வருவாகளே, சவரிமுத்து மாமா, அவுகளா உள்ள இருக்காக?" என்று முகம் விழுந்துவிட்டது. ஊரே தெரிந்து வைத்திருக்கிறது இவரை.

நாலு வண்டியும் ஒன்றுக்கொன்று தொடர்பாம். "ஒன்னு எங்கயாவது நின்னுச்சுன்னா மத்த மூணுக்கும் தெரிஞ்சுரும்மா. அந்தப் பக்கம் வராம சுத்திப் போகும். லிஃப்ட்டுகிட்டயும் கதவுகிட்டயும் அதுவே சொல்லிக்கும். வழியில ஒரு பென்சில் கிடந்தாக்கூடப் பார்த்துரும்."

லிஃப்ட் அதற்காகத் தானே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நமக்குப் பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வலிக்கிறது.

ஒன்று நின்றால் மற்றதற்குத் தெரியும் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்லும் புனிதர்களின் சமூக உறவும் அதுதானே. இங்கே முனகினால் அங்கே கேட்கும். புனிதர்களுக்கு இந்த ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி தெரியாமலா இருக்கும்.

மாலை பார்க்க விட்டார்கள். முகம் முழுக்க மாஸ்க். கை கொதிக்கிறது. என் உள்ளங்கையில் விரலால் ஸ்டியரிங் சுற்றுவது மாதிரி ஒரு சுற்று சுற்றிக் கண்ணால் கேட்டார். "வண்டி பத்திரமா இருக்கு. தார்ப்பாய் போட்டாச்சு" என்றேன். போடவில்லை. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிப் போடச் சொன்னேன். இனி அது பொய் இல்லை.

செலவு: இட்லி, டீ, தண்ணீர் பாட்டில், ரீசார்ஜ். தொகை முன்பக்கத்தில்.

அக்டோபர் 17, வெள்ளி

விட்டு விட்டு மழை. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்.

இன்று பார்க்க விடவில்லை. கிருமி தொற்றுமாம். இவரிடம் யாரும் போகக் கூடாது.

பக்கத்து வீட்டார் வண்டியிலிருந்து அவர் ஜெபமாலையை எடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். மீன் வாடையும் டீசல் வாடையும். மூக்கில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸிடம் கெஞ்சினேன். நல்ல பெண். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கவரில் போட்டு, மூணாம் நம்பர் டிராயரில் வைத்து, தன் அட்டையைக் காட்டிப் பூட்டினாள். "உள்ள போற ட்ரிப்புதான். அங்கிட்டு இருக்கிற சிஸ்டர் எடுத்து மாமா கையில கட்டிவிடுவாங்க."

கதவு திறந்தது. இவர் ஜெபமாலை இவரிடம் போயிற்று. முப்பது வருஷம் கூடப் படுத்தவள் நான், எனக்கில்லாத அனுமதி ஒரு பீரோவுக்கு. பொறாமை. ஒரு சாமான் மேல் பொறாமைப்பட்டதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது.

பாக்கியம் அதன் முதுகைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் மூணு! அக்கா வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, எந்திரிச்சு வரலைன்னா அக்கா சோறு திங்காதுன்னு!"

உள்ளேயிருந்து "வழி விடுங்கள். மருந்து செல்கிறது" என்று கேட்டது.

"செல்கிறதாம்ல! ரேடியோவுல செய்தி வாசிக்கப் பொறந்தவன்."

சிரித்துவிட்டேன். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. உடனே வெட்கமாகிவிட்டது.

செருப்புகளை ஒதுக்குவது இப்போது என் வேலை. பார்வை நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் சுவரோரம் ஜோடி ஜோடியாக வைக்கிறேன். முதலில் இவருடையது, பிறகு என்னுடையது, பிறகு பாக்கியத்தின் ரப்பர் செருப்பு, பிறகு மற்றவர்கள். ஒருவர் "டோக்கன் குடுப்பீங்களாக்கா?" என்று கேலி பண்ணிவிட்டுப் போனார். பண்ணட்டும். என்னால் உள்ளே போக முடியாது, போகிறதற்கு வழியாவது விடுகிறேன்.

பாக்கியம் ஒன்று சொன்னாள். "இந்த வண்டிக வந்தன்னைக்கு யாரும் பூசை போடல போலக்கா. ஒரு எலுமிச்சங்காகூட வைக்கல. அதான் கண்ணுபட்டு, நின்னு நின்னு போகுதுக."

வழியில் செருப்புக் கிடப்பதால்தான் நிற்கின்றன என்று நான் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 18, சனி

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. தீபாவளி நெருங்குகிறது, தெருவில் பிள்ளைகள் வெடி போடுகிறார்கள்.

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாக்டர் கூப்பிட்டார். சிறுநீரகமும் சுணங்குகிறது. பிரஷர் இறங்குகிறது. வலுவான ஊசி மருந்து ஒன்று, இந்த மாடியில் இல்லை, கீழே ஸ்டோரிலிருந்து வருகிறது, வந்ததும் போடுவோம் என்றார். "சாமி கும்பிடுறவங்க கும்பிட்டுக்கங்கம்மா" என்றார். டாக்டர் வாயில் அது வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து பாக்கியத்திடம் சொன்னேன். முட்டிபோட்டு ஜெபமாலை எடுத்தேன். அவள் எழுந்து கீழே ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையார் இருக்கிறார், கும்பிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

லிஃப்ட் திறந்தது. மூணாம் நம்பர். வழியில் ஒரு செருப்பு இல்லை, சுத்தமாக ஒதுக்கியிருந்தேன். வா வா என்று வாய்விட்டே சொன்னேன். கதவு திறக்க அது ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் பாக்கியம் படியேறி மூச்சிரைக்க வந்து குனிந்தாள். இந்தச் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, அந்தச் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று. எலுமிச்சம்பழம்.

"ஏறி நசுக்கிட்டுப் போ சாமி! எங்கக்கா தாலிக்கு வந்த திருஷ்டி இத்தோட கழியட்டும்!"

அது ஏறவில்லை. "வழியில் தடை உள்ளது. உதவி தேவை."

பாக்கியத்துக்குப் புரியவில்லை. "ஏறுப்பா, ஏறு, ஒன்னும் செய்யாது." அதன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அது சக்கரத்தை இறுக்கிக்கொண்டது. விளக்கு சிவப்பாக மாறியது. பதறிப்போய்ப் பழத்தை எடுக்கக் குனிந்தாள். ஆள் குறுக்கே வந்தால் அது பின்வாங்கும். அவள் குனியக் குனிய அது பின்னால் போனது. பழம் ஒன்று உருண்டு அதன் அடியில் போய்விட்டது. வாசலில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். சுற்றி ஆள் நின்றால் அது எப்படி நகரும்? "விலகுங்க, விலகுங்க" என்று நான் கத்தியதில் இன்னும் கூட்டம் கூடிற்று. டிராயர் பூட்டு. நர்ஸ் அட்டை இல்லாமல் திறக்காது. நர்ஸ் உள்ளே வேறு நோயாளியோடு. கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

நர்ஸ் ஓடிவந்து அட்டையைக் காட்டி, மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். "யாரும்மா இந்த வேலை பார்த்தது?"

பாக்கியம் ஒரு பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ என்ன காரியம் பண்ணிட்ட பாக்கியம்" என்று மட்டும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

மருந்து ஏறிவிட்டதாம். பார்ப்போம் என்கிறார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். கவுன் மாட்டி என்னையும் உள்ளே விட்டார்கள். மணிக்கட்டில் ஜெபமாலை. நெற்றியில் சிலுவை போட்டேன்.

மதியம்.

அக்டோபர் 22, புதன்

மழை. எங்கள் ஆவூர்க் கல்லறையில் குழியில் தண்ணீர் ஊறி, வாளியால் இறைத்த பிறகுதான் பெட்டியை இறக்கினார்களாம். மகன் சொன்னான். எனக்கு எதுவும் நினைவில்லை. ஜான் ஒல்லியாகிவிட்டான், அது மட்டும் நினைவிருக்கிறது.

வருகிற சனம் எல்லாம் ஒரே கேள்வி. "யாரோ எலுமிச்சம்பழத்த வச்சு மருந்த மறிச்சாளாமே?" யார் பரப்பியது தெரியவில்லை. ஜான் கொதிக்கிறான். "அந்தப் பொம்பள மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்கணும்மா. மெஷினு ஓடுற எடத்துல சூனியம் வைக்கிறாளா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அன்றே கேட்டேன் அவரிடம். "அந்தக் கொஞ்ச நேரத்தால எதுவும் மாறலைம்மா. அதுக்கு முந்தின நாளே கை மீறிப்போச்சு." டாக்டர் நிஜம் சொன்னாரா, எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா? ஆண்டவருக்குத்தான் தெரியும்.

எனக்கும் கோபம். மறைக்க மாட்டேன், இந்த நோட்டிலாவது. பரலோக ஜெபத்தில் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்ற இடம் வரும்போது வாய் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை உதட்டை மட்டும் அசைக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

மேகமூட்டம். இவர் துணிகளை ஊறப்போட்டேன். பிறகு அப்படியே எடுத்து, துவைக்காமல் பிழிந்து வைத்தேன். வாடை போய்விடும்.

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த பையை இன்றுதான் பிரித்தேன்.
மோதிரம்.
வாட்ச் (ஓடுகிறது).
சட்டை, குறுக்கே கத்தரித்தது.
ஜெபமாலை.
செருப்பு இல்லை.

செருப்பை நான்தான் விட்டுவிட்டேன். ஐ.சி.யு. வாசலில், சுவரோரம், வரிசையில் முதலாவதாக. பழைய செருப்பு. வலது காலில் வார் தைத்தது. யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அதற்காகத்தான் அழுகை வந்தது. மண் போட்ட அன்றுகூட இப்படி இல்லை.

சாயங்காலம் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. கட்டப் போனேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் நசுங்கிக் காய்ந்த எலுமிச்சம்பழத் தோல், மண்ணோடு ஒட்டி. இந்த மாதம் முதலில் ஆயுதபூசைக்கு இவர் வைத்தது. வண்டி வாங்கியபோது சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அது போதாது இவருக்கு. வருஷா வருஷம் மற்ற டிரைவர்களோடு சேர்ந்து நாலு பழம். வருஷா வருஷம் நான் சண்டை. "வேதக்காரர் செய்யிற காரியமா இது? பங்குச்சாமியார் பார்த்தா என்ன நினைப்பார்?"

"டயருக்கு வேதம் தெரியுமாடி மேரி?"

நசுங்குகிற சத்தம் கேட்டால்தான் கியரை மாற்றுவார்.

அக்டோபர் 27, திங்கள்

தூறல். இறப்புச் சான்றுக்கு ஆஸ்பத்திரிப் பேப்பர் வாங்க ஜானோடு போனேன். அவன் கீழே கவுண்டரில் நின்றான். "எங்கம்மா போறீங்க?" "இந்தா வாரேன்" என்று படியேறிவிட்டேன். லிஃப்ட் வேண்டாம்.

மூன்றாம் மாடி. புது முகங்கள். செருப்புகள் எல்லாம் சுவரோரம், ஜோடி ஜோடியாக. முதலில் இவருடையது.

கொஞ்சம் தள்ளிப் பாக்கியம், குனிந்து யாருடைய செருப்பையோ ஒதுக்கிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செல்வி?" என்றேன்.

"வார்டுக்கு மாத்திட்டாகக்கா. சாப்பிடுறா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாக."

"அப்புறம் நீ இங்க என்ன பண்ற?"

"நீங்க பார்த்த வேலைய யாராச்சும் பார்க்கணும்ல. குப்பை அள்ளுறவுக மாமா செருப்ப எடுக்க வந்தாக. விடல. ஆளு வரும்னு சொன்னேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்னைய ரெண்டு அறை அறைஞ்சுருங்கக்கா. எதுவும் பேசாமப் போனீக பாருங்க, அதுதான் தாங்கல. எம்மகளுக்கு மட்டும் சொகமாயிருச்சு. எனக்குச் சோறு எறங்கல."

அறைய வேண்டும்போலத்தான் இருந்தது. ஒரு கணம். கை தூக்கியிருந்தால் அவள் முகத்தைக் காட்டியிருப்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் வருஷா வருஷம் பழம் வைத்ததைச் சொன்னேன். டயருக்கு வேதம் தெரியுமாடி என்றதைச் சொன்னேன்.

"மாமாவா? வேதக்காரவுகளா வச்சாக?"

"நாலு பழம். நான் திட்டத் திட்ட."

"அப்ப நான் வச்சதுக்கு மாமா வய்ய மாட்டாகளா?"

"சிரிச்சிருப்பாரு. 'பாக்கியம், எலுமிச்சங்காயப் பார்த்துப் பயப்படுற வண்டி என்னத்துக்காகும்'னு கேட்டிருப்பாரு."

அவள் சிரித்தாள். அது அப்படியே வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும். வாசலில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

லிஃப்ட் திறந்தது. எத்தனையாம் நம்பர் என்று பார்க்கவில்லை. "வழி விடுங்கள். மருந்து செல்கிறது." இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். செருப்பை மடியில் இழுத்துக்கொண்டேன். அது எங்களைத் தாண்டி நிற்காமல் போயிற்று. உள்ளே யாருடைய புருஷனுக்கோ, பிள்ளைக்கோ. சீக்கிரம் போ என்று மனசுக்குள் சொன்னேன்.

ஜானிடம் சொல்லிவிட்டேன், கம்ப்ளெய்ண்ட் எதுவும் வேண்டாம் என்று. பஸ்ஸில் செருப்புப் பையை அவன்தான் வாங்கி வைத்துக்கொண்டான்.

நவம்பர் 3, திங்கள்

நல்ல வெயில். நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி, செவந்திப்பூ. ஜெபம் முழுதும் வாய்விட்டுச் சொன்னேன், அந்த இடமும்.

ஜான் வியாழக்கிழமை கிளம்புகிறான். வண்டியைத் திருமயத்து டிரைவர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கட்டுமாவடி லோடையே ஓட்டுவாராம். அதுவரை நல்லது.

காலையில் வந்தார். ஐஸ் பெட்டி, ஜாக்கி, தார்ப்பாய், ஸ்பேர் டயர், எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தேன். ஜெபமாலையை முன்பே எடுத்தாயிற்று. அது தொங்கிய இடத்தில் கண்ணாடியில் ஒரு கோடு, உரசி உரசி.

அவர் ஏறி உட்கார்ந்தார். "வாரேங்க்கா."

"கொஞ்சம் இருங்க" என்று அடுப்படிக்குப் போனேன். ஊறுகாய்க்கு வைத்திருந்ததில் நாலு. வந்து குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்றாக வைத்தேன். ஜான் பார்த்துக்கொண்டே நின்றான். டிரைவருக்கு ஆச்சரியம். "அக்கா, நீங்க வேதக்காரங்க, சொல்லக் கூடாதேன்னு ரோட்டுல போய் வச்சுக்கலாம்னு இருந்தேன்."

"வச்சாச்சு. எடுங்க."

எடுத்தார். நாலும் நசுங்கின. சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கியரை மாற்றினார்.